கெர்னலிற் பிறக்கும் தற்செயலெண்கள்

அறியாமை இழிவு என்றும் அறிவு உயர்வு என்றும் பள்ளியிற் புகுந்த நாள்முதலாக நாம் கேட்டு வருகின்றோம். ஆயினும், ஒருவராலும் முன்னறியப்படாமையே உறுதியான காவலாய் அமையும் இடமொன்று உண்டு. அதுவே கணிப்பொறியின் நினைவகம். வங்கிக் கணக்கும், மருத்துவக் குறிப்பும், நண்பர்க்கு எழுதும் மடலும் அந்நினைவகத்தின் வழியாகவே செல்கின்றன. அவற்றைப் பிறர் கவராவண்ணம் காத்தற்பொருட்டு இயங்குதளமானது தற்செயலெண்களைத் துணைக்கொள்கின்றது. அவ்வெண்கள் எதற்கு வேண்டும், எங்ஙனம் பிறக்கின்றன, எவ்வளவு காக்கின்றன என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கெர்னலும் நினைவகமும்

கணிப்பொறியில் ஒரே காலத்திற் பல நிரல்கள் இயங்குகின்றன. அவையனைத்திற்கும் வேண்டிய நேரத்தையும் இடத்தையும் பகுத்தளித்து, ஒன்றன் எல்லையை மற்றொன்று மிதியாதவாறு காப்பது இயங்குதளம். அதன் உள்ளீடாய் நின்று முழு அதிகாரமும் பூண்டிருக்கும் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். லினக்ஸ் என்பது அத்தகைய கெர்னல்களுள் ஒன்று. ஆண்ட்ராய்டுத் தொலைபேசிகளிலும் அதுவே உள்ளது.

நினைவகமோ நீண்டதொரு தெருவை ஒக்கும். தெருவில் வீடுதோறும் இலக்கம் இருத்தல்போல, நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திற்கும் ஓர் எண் உண்டு. அதனை முகவரி என்பர். நிரலின் ஒரு பகுதி தன் வேலையை முடித்தபின் எவ்விடத்திற்குத் திரும்ப வேண்டும் என்பதும் ஒரு முகவரியாக நினைவகத்திலேயே குறிக்கப்பட்டுள்ளது. இச்செய்தியை மனத்திற் கொள்க. தீங்கு விளைவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

முகவரி அறிந்த பகைவன்

ஒரு நிரலானது 512 எழுத்துக்களைப் பெறுதற்கு இடம் ஒதுக்கியிருக்க, வந்து சேர்வன 536 எழுத்துக்களாயின் என்னாகும்? கவனமாய் எழுதப்பட்ட நிரலாயின், மிகுதியைத் தள்ளிவிடும். அளவு பாராத நிரலாயின், மிகுந்தவை வழிந்து, அடுத்துள்ள இடங்களையும் அங்குள்ள திரும்புமுகவரியையும் அழித்துத் தாம் அமர்ந்துகொள்ளும். பகைவன் அவ்விடத்தில் தான் வேண்டும் முகவரி ஒன்றை எழுதிவிட்டால், கணிப்பொறி தன் வேலையை விட்டு அவன் வேலையைச் செய்யப் புகும்.

இது வெறுங் கற்பனையன்று. 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணவராயிருந்த ராபர்ட் மோரிஸ் என்பார் விடுத்த நிரலொன்று அக்கால இணையத்திற் பரவி, ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளைச் செயலறச் செய்தது. அது நுழைந்த வழிகளுள் ஒன்று, மேலே நாம் சொன்ன 512-க்கு 536 என்னும் வழியேயாம். அவ்வழி பலித்ததற்குக் காரணம் யாது? ஒரே வகைப் பொறிகளிலெல்லாம் ஒரே நிரல் ஒரே முகவரியில் அமர்ந்திருந்தது. ஒரு பொறியைத் திறந்து கண்டவன் அவ்வகைப் பொறி அனைத்தையும் கண்டவனானான்.

காப்பெண்ணும் இடமாற்றமும்

இதற்கு இரு வகையான மாற்றுக்களை அறிஞர் கண்டனர். இரண்டிற்கும் தற்செயலெண்ணே அடிப்படை.

முதலாவது காப்பெண். 1998-ஆம் ஆண்டில் கிரிஸ்பின் கோவன் முதலியோர் இம்முறையை வெளியிட்டனர். திரும்புமுகவரிக்கு முன்னால் எண்ணொன்றை வைத்துவிட்டு, திரும்புங்கால் அவ்வெண் மாறாதிருக்கின்றதா என்று நிரல் நோக்கும். வழிந்த எழுத்துக்கள் முகவரியைத் தொடுமுன் இவ்வெண்ணைக் கெடுத்தாக வேண்டும். கெட்டிருப்பின் நிரல் உடனே நின்றுவிடும். நிலக்கரிச் சுரங்கத்தில் நச்சுக்காற்றை முன்னுணர்த்தச் சிறு கானரிப் பறவையைக் கொண்டுசென்ற வழக்கத்தால், இவ்வெண்ணிற்கும் கானரி என்றே பெயரிட்டனர். இவ்வெண்ணைப் பகைவன் முன்னரே அறிவானாயின், அதனையும் சேர்த்தெழுதித் தப்பிவிடுவான். ஆதலின் அது தற்செயலாய் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது இடமாற்றம். நிரலின் பகுதிகளை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு முகவரியில் அமர்த்தல் இதன் கருத்து. 2001-ஆம் ஆண்டில் பாக்ஸ் என்னும் குழுவினர் இதனை லினக்ஸிற்கு அமைத்துக் காட்டினர். 2003-இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளமும், 2005-இல் லினக்ஸும் இதனை மேற்கொண்டன. கெர்னலும் தானிருக்கும் இடத்தை மாற்றிக்கொள்ளும் முறை 2014-ஆம் ஆண்டில் லினக்ஸிற் சேர்ந்தது. 2016-இல், கெர்னல் தன் சிறுசிறு நினைவறைகளை வழங்கும் வரிசையும் கலைத்தடுக்கப்பட்டது. 2021-இல், நிரல் கெர்னலை அழைக்கும் ஒவ்வோர் அழைப்பிலும் அடுக்கின் தொடக்கத்தைச் சிறிது நகர்த்தும் வசதியும் ஏற்பட்டது.

இவையனைத்தும் ஒரே ஊற்றிலிருந்து நீர் கொள்கின்றன. ஊற்று மாசுபடின் எல்லாம் மாசுபடும். ஆதலின் அவ்வூற்றைச் சிறிது ஆராய்வோம்.

கணக்கு தற்செயலாகுமோ?

கணிப்பொறி சொன்னதைச் சொன்னவாறே செய்வது. ஒரே வினாவிற்கு ஒரே விடை தருதலே அதன் சிறப்பு. அங்ஙனமாகிய ஒன்று தற்செயலைத் தருவது எவ்வாறு? தாயக்கட்டையை உருட்டக் கை வேண்டும். கணிப்பொறிக்குக் கை ஏது?

பழைய முறை ஒன்று உண்டு. ஓர் எண்ணை எடுத்து 5-ஆற் பெருக்கி, 3-ஐக் கூட்டி, 16-ஆல் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்க. 1-இல் தொடங்கினால் 8, 11, 10, 5, 12, 15, 14, 9 என்று எண்கள் வரும். ஒழுங்கறியாதார்க்கு இவை சிதறிக்கிடப்பனவாகத் தோன்றும். விதியறிந்தவனோ, 8 என்பதைக் கண்டவுடன் அடுத்தது 11 என்று கூறிவிடுவான். பதினாறு முறைக்குப்பின் வரிசை தொடங்கிய இடத்திற்கே மீளும். விளையாட்டிற்கு இஃது உதவும், காவலுக்கு உதவாது. ஏனெனில், பகைவனும் கணக்கறிந்தவனே.

எனவே, கெர்னல் இரண்டு பொருள்களை நாடுகின்றது. ஒன்று, வெளியிலிருந்து வரும் முன்னறியலாகா விதை. மற்றொன்று, அவ்விதையை மறைத்துக்கொண்டே எண்களை விளைவிக்கும் வலிய கணக்கு.

விதை சேரும் குளம்

1994-ஆம் ஆண்டில் தியோடர் சோ என்பார் லினக்ஸிற்கு இத்தகைய அமைப்பை முதலில் எழுதினார். விசைப்பலகையில் விரல் படும் நொடி, வட்டு விடை தரும் நொடி, வலைவழிச் செய்தி வந்து சேரும் நொடி ஆகியவற்றைக் கெர்னல் மிக நுண்ணிதாய் அளக்கின்றது. ஒருவர் எழுத்தொன்றை எப்பொழுது அழுத்துவார் என்பதை ஏறத்தாழக் கூறலாம். நொடியின் நூறுகோடியில் ஒரு பங்குவரை கூற எவராலும் இயலாது. அந்நுண்ணிய மீதியே தற்செயல். அதனைத் துளித்துளியாகச் சேர்த்து ஒரு குளத்திற் கலக்குகின்றனர். செயலியிலேயே அமைந்த தற்செயற் கருவி இருப்பின் அதன் எண்ணும் அதிற் சேரும். பலவற்றைக் கலத்தலின் பயன் யாதெனின், அவற்றுள் ஒன்றைப் பகைவன் அறிந்தாலும் மற்றவை அவனுக்கு மறைவாகவே நிற்கும் என்பதாம்.

குளத்திலிருந்து 256 பிட் நீளமுள்ள திறவெண் ஒன்று எடுக்கப்படும். 2016 முதல் லினக்ஸில் அத்திறவெண்ணைக் கொண்டு எண்களை விளைவிப்பது சாச்சா என்னும் மறையீட்டு முறை. அதனை இயற்றியவர் டேனியல் பெர்ன்ஸ்டைன். வெளிவந்த எண்களை எத்துணைக் காலம் நோக்கினும் உள்ளிருக்கும் திறவெண்ணை அதனால் அறிதல் இயலாது என்பது அம்முறையின் வலிமை. அன்றியும், ஒருமுறை எண் வழங்கியபின் கெர்னல் பழைய திறவெண்ணை அழித்துப் புதியதொன்றை வைக்கும். நாளை ஒருவன் உட்புகுந்து திறவெண்ணைக் கவர்ந்தாலும், நேற்று வழங்கிய எண்களை அவன் மீட்டறிய முடியாது.

துயிலெழும் வேளை

இவ்வமைப்பின் மெலிவான பொழுது, கணிப்பொறி துயிலெழும் பொழுதே. அப்பொழுது விசையை அழுத்துவார் இலர்; வலைச் செய்தியும் வந்திராது; குளம் வறண்டிருக்கும். கெர்னல் தானிருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுவதும் அப்பொழுதே. ஆதலின் தொடக்கத்தில் செயலியின் கருவியையும், கடிகார எண்ணையும், சென்றமுறை சேமித்து வைத்த விதையையும் நம்பவேண்டியுள்ளது.

வறண்ட குளத்தில் நீர் மொண்டால் வரும் கேட்டை 2012-ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சியொன்று காட்டிற்று. நாடியா ஹெனிங்கர் முதலியோர் இணையத்திற் காணப்பட்ட பொதுத் திறவெண்களைத் திரட்டி ஆராய்ந்தனர். அவை இரண்டு பெரிய பகாவெண்களின் பெருக்கமாய் அமைபவை. சிறு கருவிகள் பல, விழித்தவுடனே, போதிய விதை இல்லாமலே அவ்வெண்களைத் தெரிந்துகொண்டன. அதனால் வெவ்வேறு கருவிகளுக்கு ஒரே பகாவெண் வாய்த்தது. 77, 91 என்னும் இரண்டையும் நோக்குக. தனித்தனியே பகுக்க முயலாமல் இரண்டற்கும் பொதுவான வகுத்தியைத் தேடினால் 7 கிடைக்கும். உடனே 11, 13 என்பனவும் வெளிப்படும். இவ்வழியே, பாதுகாப்பு இணைப்புத் தரும் பொறிகளில் நூற்றுக்கு 0.5 பங்கின் மறைவெண்களை அவர்கள் கண்டுபிடித்தனர். இருநூற்றில் ஒரு வீடு பூட்டியும் திறந்தே கிடந்தது எனலாம்.

இதனை நீக்கும்பொருட்டு, குளம் நிறையும்வரை கேட்பவரைக் காக்கவைக்கும் வாயிலொன்று 2014-இல் லினக்ஸில் அமைந்தது. அதனாலும் ஓர் இடர் நேர்ந்தது. 2019-ஆம் ஆண்டில், வட்டிலிருந்து செய்தி எடுக்கும் முறை திருத்தப்பட்டு விரைவாயிற்று. வட்டை நாடும் தடவைகள் குறைந்தன. அதனாற் குளத்திற்கு வரும் துளிகளும் குறைந்தன. சில பொறிகள் விதைக்காகக் காத்து விழிக்காமலே நின்றுவிட்டன! அவ்வாண்டிலேயே, தன் செயலியின் வேகத்தில் நேரும் நுண்ணிய தடுமாற்றத்தை அளந்து கெர்னல் தானே விதை தேடிக்கொள்ளும் வழி சேர்க்கப்பட்டது. ஒரு மூலையில் நேர்ந்த நன்மை மற்றொரு மூலையில் தீமையாய் முளைத்த இந்நிகழ்ச்சி, பொறியமைப்போர் எஞ்ஞான்றும் நினைவிற் கொள்ளத்தக்கது.

காவலின் எல்லை

தற்செயலெண் இருந்துவிட்டால் அச்சமில்லை என்று கருதற்க. அதன் காவல் மூன்று நிலைகளிற் குன்றும்.

முதலாவது, தெரிவு சிலவாயிருத்தல். 2004-இல் ஹோவாவ் ஷாச்சம் முதலியோர், 32 பிட் பொறியில் இடமாற்றத்திற்கு 16 பிட்டே உள்ளமையால், 65,536 இடங்களை ஒவ்வொன்றாய் முயன்று, சராசரி 216 நொடியிற் காவலைக் கடக்கலாம் என்று செய்து காட்டினர். 64 பிட் பொறியில் நிரல்களுக்கு இடம் மிகப் பெரிது. ஆனால், லினக்ஸ் கெர்னலின் நிரற்பகுதி அமரத்தக்க இடங்களோ, இன்டெல் வகைப் பொறிகளில், ஏறத்தாழ 500 மட்டுமே.

இரண்டாவது, ஒரே எண்ணைப் பன்முறை வழங்கல். 64 பிட் லினக்ஸில் காப்பெண்ணின் எட்டுப் பைட்டுகளில் ஒன்று சுழி. மற்ற ஏழும் தற்செயல். அவ்வேழையும் ஒருங்கே ஊகிக்க முயல்பவனுக்கு எதிர்நிற்பவை ஏறத்தாழ 720 கோடி கோடி எண்கள். ஆனால், ஒரு நிரல் தன் கிளைகள் அனைத்திற்கும் அதே காப்பெண்ணைக் கொடுத்து, கெட்ட கிளைக்கு மாறாக மற்றொரு கிளையை எழுப்பிக்கொண்டேயிருப்பின், பகைவன் ஒவ்வொரு பைட்டாக முயல்வான். பைட்டொன்றிற்கு 256 ஆக, ஏழிற்கும் 1,792 முயற்சிக்குள் முழுவதும் அகப்பட்டுவிடும். மலையைத் தாண்ட வேண்டியவன் படிக்கட்டு ஏறிச் செல்வதை ஒக்கும் இது.

மூன்றாவது, கசிவு. கெர்னலின் பிழையொன்றால் ஒரே ஒரு முகவரி வெளிப்பட்டாலும், அதனைக்கொண்டு மற்றவற்றைக் கணித்துவிடலாம். கெர்னலின் இடம் பொறி விழிக்கும்போது ஒருமுறையே தெரிந்துகொள்ளப்படுவதால், அடுத்தமுறை விழிக்கும்வரை அக்கசிவு பயன்படும். ஆகலின், தற்செயலெண் பிழையைத் திருத்துவதன்று. பிழையினால் வரும் கேட்டைத் தாமதிக்கச் செய்வது. அளவு பார்த்து எழுதும் கவனமான நிரலே முதற் காவல். ஏனையவை அதற்குத் துணை.

முடிவுரை

மேலே கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். லினக்ஸ் கெர்னலின் நிரல் உலகோர் யாவரும் படித்தறியத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. குளம் எங்கே, கலக்கும் முறை யாது, திறவெண் எப்பொழுது மாறும் என்பவற்றில் மறைவு சிறிதுமில்லை. மறைந்திருப்பது ஓர் எண் மட்டுமே. முறை வெளிப்பட்டாலும் திறவு மறைந்திருந்தாற் போதும் என்னும் கொள்கையை 1883-ஆம் ஆண்டிலேயே கெர்க்ஹாஃப்ஸ் என்னும் மொழியறிஞர் போர்ச் செய்திகளின் மறையெழுத்தைப்பற்றி வெளியிட்டார். மொழி கற்பார்க்கும் கணக்குக் கற்பார்க்கும் பொதுவான துறை இஃதென்பதற்கு அவரே சான்றாவர். நம் கல்லூரியில் இருதிறத்தாரும் ஒருங்கே பயில்கின்றோம். கையிலுள்ள தொலைபேசி ஒவ்வொரு காலையும் விழிக்கும்பொழுது இத்துணை வேலையும் ஓரிரு நொடியில் நடைபெறுகின்றது என்பதை எண்ணி, அதன் உள்ளமைப்பைக் கற்க நம்மவர் முன்வருவாராக.