ஜன்னல் ஓரம்: இடமா, வலமா?

பள்ளிக்கூட அட்லஸை விரித்து, திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு நம் திருக்கோகர்ணத்தை ஒட்டியே இறங்கி, பாம்பன் பக்கமாகக் கடலைத் தாண்டும். விமானம் அன்றன்று சற்று விலகிப் போகலாம். ஆனாலும் எந்தப் பக்கத்து ஜன்னல் என்று முடிவு செய்ய இந்தக் கோடே போதும்.

போகும் திசை தெற்கு, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து. ஆகவே இடது ஜன்னல் கிழக்கைப் பார்க்கும், வலது ஜன்னல் மேற்கை. தனுஷ்கோடி முனையும், அங்கிருந்து தலைமன்னார் வரை கிடக்கும் ராமர் பாலத்து மணல் திட்டுகளும் கிழக்கே இருப்பதால் ‘ஏ’ சீட்டு கேளுங்கள். திரும்பி வரும்போது ‘எஃப்’.

அடுத்தது வெயில். காலை விமானத்தில் சூரியனும் இடது பக்கம்தான். கண் கூசும், தூரத்து நிலம் வெளிறித் தெரியும். ஆனால் கார்த்திகை மழைக்குப் பிறகு புதுக்கோட்டைச் சீமையைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்கள். தண்ணீரில் விழும் வெயில், விழுந்த கோணத்திலேயே எதிர்ப்பக்கம் தெறிக்கிறது. அதனால் விமானம் நகர நகர ஒரு கண்மாய் பளிச்சென்று மின்னி அணையும், உடனே அடுத்தது மின்னும். பிறை போல வளைந்த கரை, அதன் கீழே வயல், கலிங்கில் வழிந்த தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு ஓடும் வாய்க்கால் என்று, கரையில் நின்றால் ஒருநாளும் முழுதாகப் பிடிபடாத சங்கிலி மேலிருந்து அப்படியே தெரியும்.

வலது பக்கத்துக்கும் பெருமை உண்டு. நார்த்தாமலை, சித்தன்னவாசல் பாறைகள் மேற்கே இருக்கின்றன. காலை வெயில் அவற்றின் மேல் நேராக விழும். கீழே மேகம் இருந்தால் அதன்மேல் விமானத்தின் நிழலைத் தேடுங்கள். நிழலைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். மேகத்தின் நுண்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் வருவது அது. வளையத்தின் நடுப்புள்ளி, நிழலில் உங்கள் சீட்டு இருக்கும் இடம். பக்கத்து வரிசைக்காரருக்கு அவருடைய சீட்டே நடு!

வரிசையையும் கவனிக்க வேண்டும். ஏர்பஸ் 320 போன்ற விமானங்களில் நடு வரிசைகளுக்குக் கீழே இறக்கைதான் தெரியும். அதற்குப் பின்னால் உட்கார்ந்தால் இன்ஜினின் வெப்பக்காற்றில் காட்சி கலங்கும். முன்வரிசைகளே நல்லது. இறக்கை தலைக்கு மேல் இருக்கும் ஏடிஆர் விமானத்தில் இந்தத் தொல்லையே இல்லை. அது 25,000 அடிக்கு மேல் ஏறுவதும் இல்லை.

ஜன்னல் சீட்டுக்குப் பணம் கட்டியும் பக்கத்தில் வெறும் சுவர் வாய்ப்பது உண்டு. ஏர்பஸ் 320-இல் ஜன்னல்களை உடற்சட்டத்தின் விலா இடைவெளிப்படி, சுமார் 53 செ.மீ.க்கு ஒன்றாக வைக்கிறார்கள். சீட்டு இடைவெளியோ விமான நிறுவனத்தின் விருப்பம். பெரும்பாலும் 70 செ.மீ.க்கு மேல். இரண்டும் எல்லா வரிசையிலும் பொருந்தாது. போயிங் 737-இல் இறக்கைக்கு முன்னால் ஓரிடத்தில், குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள் போவதால் ஜன்னலே வைப்பதில்லை.

தரையை விட்டு எழுந்த சில நிமிடங்களிலேயே நம் ஊர் வந்துவிடும். கோயிலைத் தேடினால் அகப்படாது. சதுரங்கக் கட்டம் போல நேர்நேராக வெட்டிக்கொள்ளும் புதுக்கோட்டை ராஜவீதிகளை முதலில் பிடியுங்கள். அவற்றுக்கு வடமேற்கே, சற்றுத் தள்ளித் திருக்கோகர்ணம்.