மலைச் சைக்கிளும் மகளின் தோளும்

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் சாலை வழியாகப் போயிருக்கிறீர்களா? வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்ட வேண்டும். வழியெல்லாம் வயலும் வாய்க்காலும் தென்னையும்தான். மருந்துக்குக்கூட ஒரு குன்று கிடையாது. அந்தச் சாலையிலும் இன்று 'மலைச் சைக்கிள்'கள் ஓடுகின்றன என்றால் வேடிக்கையாக இல்லையா?

தடித்த டயர், பளபளக்கும் வர்ணம், எருமைக் கொம்புபோல் இருபுறமும் நீண்ட ஹாண்டில்பார். பிள்ளைகள் கேட்பது இதைத்தான். வாங்கிக் கொடுக்கும் நாம் விலையைக் கேட்கிறோம், வர்ணத்தைப் பார்க்கிறோம். ஹாண்டில்பாரின் அகலத்தைப் பார்க்கிறோமா? ரவிக்கைத் துணியை அளவெடுக்காமல் வெட்டச் சம்மதிக்காத நாம், தினமும் பெண் பிடித்துக்கொண்டு போக வேண்டிய ஹாண்டில்பாரை அளக்க மறந்துவிடுகிறோம்!

இந்த அகலம் வந்த கதை சுவாரசியமானது. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமால்பாயிஸ் என்ற மலையிலிருந்து இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் சரேலென்று இறங்கி விளையாடினார்கள். கல்லில் மோதி முன்சக்கரம் திரும்பாமலிருக்க, அகன்ற ஹாண்டில்பார் கைக்கு பலம் கொடுத்தது. நீண்ட கடப்பாரையால் கல்லைப் புரட்டுவது எளிதல்லவா? அதே சூத்திரந்தான். 1990-களில் 56, 60 சென்டிமீட்டராக இருந்த அகலம், இப்போது மலைப் பாதைக்கான சைக்கிள்களில் 74, 80 வரை வந்துவிட்டது.

மலை இறங்கும் வாலிபனுக்கு இது சரி. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு? கைகள் அகல விரிந்து, முதுகு குனிந்து, மணிக்கட்டு மடங்கிவிடும். திரும்பும்போது வெளிப்பக்கத்துக் கை எட்டாது. எதிரே பஸ் வந்தால் பாலத்தில் ஒதுங்குவதும் கஷ்டம். அதற்காக மிகக் குறுகலாக வாங்கினாலும் ஆபத்து; லேசாக அசைந்தாலே சக்கரம் திரும்பி, புத்தகப் பையின் கனத்தில் சைக்கிள் தள்ளாடும்.

அளப்பது சுலபம். தண்டால் எடுக்கும் பாவனையில் பெண்ணை இரு கைகளையும் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். சௌகரியமாக ஊன்றிய நிலையில், ஒரு கையின் வெளி ஓரத்திலிருந்து மறு கையின் வெளி ஓரம்வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். ஏறக்குறைய அதுதான் அவளுக்கு ஏற்ற அகலம். பிறகு சைக்கிளில் உட்காரவைத்துப் பாருங்கள். முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். மணிக்கட்டு வளையாமல் நேராக இருக்க வேண்டும். விரல் பிரேக்கை எட்ட வேண்டும்.

வாங்கிய சைக்கிளில் அகலம் அதிகமா? உடனே வெட்டிவிடாதீர்கள். பிரேக், கியர் பிடிகளை உட்புறம் தள்ளி வைத்து, ஒரு வாரம் அங்கே பிடித்து ஓட்டட்டும். பிடித்திருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லி, இரு முனையிலும் சமமாக, கொஞ்சங் கொஞ்சமாக வெட்டலாம். வெட்டியது திரும்பி வராது. வளரும் பெண்ணுக்குப் பாவாடையில் மடிப்பு வைத்துத் தைப்பதுபோல, இங்கும் ஒரு விரற்கடை விட்டு வையுங்கள். முனையை அரத்தால் தேய்த்து, மூடி போடச் சொல்ல மறக்காதீர்கள். திறந்த குழாய் முனை, விழுந்தால் உடம்பைக் கிழித்துவிடும்.

இத்தனை சிரத்தை எதற்கு என்கிறீர்களா? பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில், 1991-ல் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்கமளிக்க, அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். ஆண்கள் ஓட்டும் சைக்கிளிலேயே ஏறியவர்கள் பலர். தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும் பிறர் தயவை எதிர்பார்க்க வேண்டாம் என்ற நிலை வந்தது. 2001-02-ல் தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் தரத் தொடங்கி, பின்னர் மற்றவர்களுக்கும் விரிவாக்கியது.

அப்படிக் கிடைத்த சுதந்திரத்தை, "தோள் வலிக்கிறதம்மா" என்று ஒரு பெண் தாழ்வாரத்திலே சாத்திவிட்டு, மறுபடி அண்ணனுக்காகக் காத்து நிற்கலாமா? அடுத்த முறை சைக்கிள் கடைக்குப் போகும்போது தையல் பெட்டியிலிருக்கும் டேப்பையும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்!