உங்களுக்குத் தெரியுமா? கோல்ஃப் மட்டையும் மணிக்கட்டும்

● கோல்ஃப் பந்தும் மட்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் 'டிரைவர்' என்னும் நீண்ட மட்டையின் தலை இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் நகர்கிறது. அடி விழுந்த சேதி கை நரம்பு வழியே மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள், தொழில்முறை வீரர் அடித்த பந்து ஒரு மீட்டருக்கும் மேல் பறந்திருக்கும். ஆகவே பந்தைத் தொடும் கணத்தில் மணிக்கட்டைச் சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. செய்ய வேண்டியதெல்லாம் முன்கூட்டியே செய்து முடித்திருக்க வேண்டும்.

● கீழே 'இடது மணிக்கட்டு' என்று வரும் இடமெல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்குச் சொன்னது. இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். மட்டைமுகத்தை ஆள்வது பெரும்பாலும் இந்த ஒரு மூட்டுதான்.

● மணிக்கட்டுக்குள் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. ஆனால் அதை அசைக்கும் பெரிய தசைகள் அங்கே இல்லை. முன்கையில் இருந்துகொண்டு, தசைநாண்கள் வழியாக இழுக்கின்றன. மணிக்கட்டைத் தப்பாகப் பயன்படுத்தினால் முழங்கை வலிப்பது இதனால்தான். உட்புறம் வலித்தால் 'கோல்ஃபர்ஸ் எல்போ', வெளிப்புறம் வலித்தால் 'டென்னிஸ் எல்போ'. கோல்ஃப் ஆடுவோருக்கு இரண்டுமே வரும்.

● கையை முன்னால் நீட்டி, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி வையுங்கள். மணிக்கட்டை மட்டும் கட்டைவிரல் பக்கம் தூக்கிப் பாருங்கள். சுமார் 20 டிகிரிக்கு மேல் போகாது. சுண்டுவிரல் பக்கம் இறக்கினால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். மட்டையைப் பின்னால் தூக்கும் பின் ஸ்விங்கின் உச்சியில் கைக்கும் மட்டைக்கும் இடையே செங்கோணம் விழுவதற்கு இந்தக் குறுகிய அசைவுதான் மூலதனம். பந்தின் வேகம் பெரிதும் இங்கே பிறக்கிறது.

● திசையைத் தீர்மானிப்பது வேறோர் அசைவு. இடது புறங்கை முன்கையை நோக்கிப் பின்னால் மடிந்தால், இரண்டும் சேரும் இடத்தில் ஒரு குழி விழும். அதைக் 'குழித்த மணிக்கட்டு' என்போம். உள்ளங்கைப் பக்கமாக மடிந்தால் 'கவிந்த மணிக்கட்டு'. இரண்டும் இல்லாமல் ஒரே கோடாக இருந்தால் 'தட்டை'. குழித்தால் மட்டைமுகம் வலப்பக்கம் திறக்கும். கவித்தால் இடப்பக்கம் மூடும்.

எவ்வளவு திறந்தால் எவ்வளவு நஷ்டம்? பந்து குறியிலிருந்து ஒரே ஒரு டிகிரி விலகிப் புறப்பட்டாலும் 200 மீட்டர் போவதற்குள் மூன்றரை மீட்டர் தள்ளிப்போகும். அதற்கு மேல் சுழற்சியால் ஏற்படும் வளைவு தனி. வாரக்கடைசி ஆட்டக்காரர்களை வாட்டும் 'ஸ்லைஸ்', அதாவது வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போகும் அடி, பெரும்பாலும் திறந்த மட்டைமுகத்தின் வேலை.

● உங்கள் மணிக்கட்டு உச்சியில் என்ன செய்கிறது என்று அறிய வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். இடது கையில் கைக்கடிகாரத்தைக் கட்டி, பட்டைக்கு அடியில், புறங்கையும் முன்கையும் சேரும்படி ஸ்கேலைச் செருகுங்கள். மடக்கிய குடையை மட்டைபோலப் பிடித்து மெதுவாக உச்சிவரை கொண்டுபோங்கள். குழித்தால் ஸ்கேலின் நுனி புறங்கையில் அழுத்தி வலிக்கும். தட்டை என்றால் சும்மா படிந்திருக்கும். கவித்தால் நுனி புறங்கையை விட்டு எழும்பும். பலரும் தங்கள் மணிக்கட்டு தட்டையாக இருப்பதாகவே நம்புகிறார்கள். ஸ்கேல் வேறு கதை சொல்லும்.

● மணிக்கட்டின் ஒரே ஒரு மடிப்பு அமெரிக்காவில் பத்திரிகைத் தலைப்பானது. 1955 ஆகஸ்டில் 'லைஃப்' இதழில் கோல்ஃப் வீரர் பென் ஹோகன் தன் 'ரகசியத்தை' வெளியிட்டார். அவர் இளவயதில் 'ஹூக்' என்ற வியாதியோடு போராடியவர். நன்றாக அடித்த பந்தும் கடைசியில் இடப்பக்கம் சரேலென்று வளைந்து விழும். அதற்கு அவர் கண்ட மருந்து: இடது கையைப் பிடியில் சற்று இடப்பக்கம் திருப்பி வைப்பது, உச்சியில் இடது மணிக்கட்டைக் குழிப்பது. மட்டைமுகம் அவ்வளவு திறந்துவிடுவதால், பிறகு எவ்வளவு பலமாக அடித்தாலும் பந்து இடப்பக்கம் ஓடாது. 1949 பிப்ரவரியில் பேருந்து மோதி எலும்புகள் நொறுங்கிய இந்த மனிதர், 1950 ஜூனில் மெரியன் மைதானத்தில் அமெரிக்க ஓபனை வென்றார். 1953இல் மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓபன், பிரிட்டிஷ் ஓபன் மூன்றையும் ஒரே ஆண்டில் எடுத்தார்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அது ஹூக் அடிப்பவருக்கான மருந்து. ஏற்கெனவே ஸ்லைஸ் அடிக்கும் சாதாரண ஆட்டக்காரர் அதைச் சாப்பிட்டால் நோய் முற்றும். பெரிய வீரரின் படத்தைப் பார்த்து மணிக்கட்டை அப்படியே நகலெடுப்பது கோல்ஃபில் மிகப் பெரிய ஆபத்து என்பேன். அவருக்கு என்ன குறை இருந்தது, அதை எதைக்கொண்டு சமன்செய்தார் என்று கேட்காமல் எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

● அதே ஹோகனின் 1957ஆம் ஆண்டு நூலான 'ஃபைவ் லெசன்ஸ்'இல், பந்தைத் தொடும் கணத்தின் ஓவியத்தைப் பாருங்கள். அந்தோணி ரவியெல்லி வரைந்தது. இடது மணிக்கட்டு எலும்பு குறியை நோக்கி மேடாகத் துருத்தி நிற்கிறது. உச்சியில் குழித்தவர் பந்தருகே கவித்திருக்கிறார்! உச்சியில் ஆளுக்கு ஒரு விதம் இருக்கலாம். பந்தருகே வரும்போது நல்ல ஆட்டக்காரர்கள் அநேகமாக ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

● ஹோகனுக்கு எதிர்முனையில் டஸ்டின் ஜான்சன். உச்சியில் அவருடைய இடது மணிக்கட்டு வளைந்து கவிந்திருக்கும். மட்டைமுகம் வானத்தைப் பார்க்கும். பழைய பயிற்சியாளர்கள் பார்த்தால் மாற்றச் சொல்லியிருப்பார்கள். அவர் மாற்றவில்லை. 2016இல் அமெரிக்க ஓபன். 2020 நவம்பரில் 20 அண்டர் பார் (நிர்ணயித்த அடிகளைவிட 20 குறைவு) என்ற சாதனையோடு மாஸ்டர்ஸ். மூடிய முகத்தோடு இறங்குவதால், அது மேலும் மூடிவிடாதபடி இடுப்பையும் மார்பையும் வேகமாகக் குறியை நோக்கித் திருப்புகிறார். உடம்பு நின்றுவிட்டால் பந்து இடப்பக்கக் காட்டில்தான். காலின் மொரிக்காவா, விக்டர் ஹோவ்லண்ட் ஆகியோரும் கவிக்கும் கட்சி.

● ஜான் ராம் கவிப்பதற்கு இன்னொரு பின்னணி உண்டு. வலது பாதம் வளைந்து பிறந்தவர்; சிறுவயதிலேயே சிகிச்சை நடந்தது. வலது கணுக்கால் அதிகம் வளைந்து கொடுக்காது, எனவே நீண்ட பின் ஸ்விங் அவருக்கு வசதிப்படவில்லை. குறுகிய ஸ்விங், கவிந்த மணிக்கட்டு, அதற்கு ஏற்ற பிடி என்று தன் உடம்புக்குத் தகுந்தாற்போல் ஆட்டத்தை அமைத்துக்கொண்டார். 2021 அமெரிக்க ஓபனும் 2023 மாஸ்டர்ஸும் அவர் கையில்.

● பிடியும் மணிக்கட்டும் ஜோடி. மேலிருந்து பார்க்கையில் இடது கையின் விரல் முட்டிகள் மூன்று தெரிந்தால் அது 'ஸ்ட்ராங்' கிரிப்; ஒன்றுதான் தெரிகிறது என்றால் 'வீக்'. பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கை எவ்வளவு வலப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே கணக்கு. ஸ்ட்ராங் கிரிப்புக்கு உச்சியில் கொஞ்சம் குழித்தால் மட்டைமுகம் நேராக இருக்கும். வீக் கிரிப்புக்குத் தட்டையோ கவிதலோ வேண்டும். ஜோடி மாறினால் கீழே வரும் கால் நொடியில் எதையாவது திருத்தியாக வேண்டும்.

● மட்டையை உள்ளங்கைக்குள் புதைத்துப் பிடித்தால் மணிக்கட்டு மடங்காது. விரல்களின் அடிவேரில் கிடத்திப் பிடித்தால் தாராளமாக மடங்கும். ஒரு துடைப்பக் கட்டையில் இரண்டையும் செய்து பாருங்கள், உடனே விளங்கும்.

● வலது சுண்டுவிரலை இடது கைமேல் ஏற்றி வைக்கும் பிடிக்கு 'வார்டன் கிரிப்' என்று பெயர். பிரிட்டிஷ் ஓபனை ஆறு முறை வென்ற ஹாரி வார்டன் பரப்பியது. அந்த ஆறு இன்றும் முறியடிக்கப்படவில்லை. ஆனால் அவருக்கு முன்பே ஸ்காட்லாந்தின் ஜான் லெய்ட்லே அப்படிப் பிடித்தார். ஜாக் நிக்லாஸும் டைகர் வுட்ஸும் சுண்டுவிரலை ஆள்காட்டி விரலோடு கோத்துக்கொள்பவர்கள். நோக்கம் ஒன்றே: இரண்டு மணிக்கட்டும் ஒரே கீலாக இயங்க வேண்டும்.

● இந்த இலக்கணம் அனைத்தையும் தலைகீழாக்கியவர் ஒருவர் இருந்தார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த இந்திய வம்சாவளியினர், சுவசங்கர் 'பப்வா' சுகோலம். மட்டைப் பை சுமக்கும் கேடியாக வேலை பார்த்துக்கொண்டே தானாக ஆடக் கற்றவர். வலக்கை ஆட்டக்காரராக இருந்தும் இடது கையைக் கீழேயும் வலது கையை மேலேயும் வைத்துப் பிடித்தார். சொல்லித்தர யாராவது இருந்திருந்தால் முதல் நாளே மாற்றியிருப்பார்கள். அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 மூன்று ஆண்டுகளிலும் டச்சு ஓபனை வென்றார். 1963இல் நடால் ஓபனையும் வென்றார். நிறவெறிச் சட்டம் அவரை கிளப் கட்டடத்துக்குள் விடவில்லை. வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார். 1965இல் அதே போட்டியில் கேரி பிளேயரைப் பின்தள்ளினார். மறு ஆண்டே அவர் ஆடும் வாசலை அரசு அடைத்தது. 1978இல் காலமானார். கோல்ஃப் நுட்பம் பேசுகிறவர்கள் ஹோகனைச் சொல்லும் அளவுக்கு இவரையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தப் பிடியில் ஒரு பாடம் இருக்கிறது: இடது கை கீழே இருந்தால், பந்தைத் தொடும்போது இடது மணிக்கட்டு குழிவது கடினம். இன்று புட்டிங்கில், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடியில், ஜோர்டன் ஸ்பீத் போன்றவர்கள் இடது கையைக் கீழே வைப்பது இதே காரணத்துக்காக.

● கோல்ஃப் ஸ்விங்கை 'இரட்டை ஊசல்' என்று விளக்கிய ஆய்வு நூல் 1968இல் பிரிட்டனில் வந்தது. காக்ரன், ஸ்டாப்ஸ் எழுதியது. தோளிலிருந்து தொங்கும் கை ஓர் ஊசல். மணிக்கட்டிலிருந்து தொங்கும் மட்டை இன்னோர் ஊசல். கை வேகமாக வந்தால், மடங்கிய மணிக்கட்டு தானாகவே விரிய ஆரம்பிக்கும். உச்சியிலிருந்தே வேண்டுமென்று விரித்தால் வேகம் பந்தை அடையும் முன்பே தீர்ந்துவிடும். செர்ஜியோ கார்சியா இறங்கும்போது அந்தக் கோணத்தை எவ்வளவு நேரம் காப்பாற்றுகிறார் என்பதை ஸ்லோ மோஷனில் ஒருமுறை பாருங்கள்.

● மணிக்கட்டையே அதிகம் மடக்காமல் ஆடுபவரும் உண்டு: ஸ்டீவ் ஸ்ட்ரிக்கர்.

● பந்தை மேலே எழுப்ப மணிக்கட்டால் அள்ளித் தூக்க வேண்டியதில்லை. மட்டைமுகத்தில் ஏற்கெனவே சாய்வு வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். அள்ளும்போது இடது மணிக்கட்டு குழிகிறது, மட்டைத்தலை கையை முந்துகிறது, ஸ்விங்கின் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுகிறது. விளைவு, ஒன்று மண்ணைத் தோண்டுவோம், அல்லது பந்தின் தலையில் தட்டுவோம். நல்ல அயர்ன் அடியில் கைகள் பந்தைவிடச் சற்று முன்னால் இருக்கும். பந்தைத் தொட்ட பிறகே புல் பெயரும்.

அள்ளுகிறோமா என்று தெரிந்துகொள்ள: ஒரு நீண்ட மெல்லிய குச்சியை மட்டைப் பிடியோடு சேர்த்துப் பிடியுங்கள், அது இடது விலாவுக்கு வெளியே மேலே நீண்டிருக்கட்டும். இடுப்பளவு சிறு ஸ்விங் செய்யுங்கள். அள்ளினால் குச்சி விலாவில் இடிக்கும். இடிக்காமல் கடந்து போகும்வரை மெதுவாகவே பழகுங்கள். முழு வேகம் பிறகு தானே வரும்.

● குழியைச் சுற்றியுள்ள கிரீனில் புல் நீளமாக வளர்ந்திருந்த காலத்தில் மணிக்கட்டால் சுண்டித்தான் புட்டிங் செய்தார்கள். அமெரிக்க ஓபனை 1959லும் 1966லும் வென்ற பில்லி காஸ்பர் அதில் மன்னர். புல்லைக் குட்டையாக வெட்டி கிரீன்கள் வழுக்கத் தொடங்கியதும் சுண்டுதல் குறைந்து, தோளால் ஆட்டும் முறை நிலைத்தது.

● குட்டைப் புட்டிங்கில் மணிக்கட்டு திடீரென்று வெட்டி இழுக்கும் கோளாறுக்கு 'யிப்ஸ்' என்று பெயர். சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவராகக் கருதப்படுபவர் டாமி ஆர்மர், 1927 அமெரிக்க ஓபன் வெற்றியாளர். 1985, 1993 மாஸ்டர்ஸ் வென்ற பெர்ன்ஹார்ட் லாங்கரை இது ஒருமுறை அல்ல, பலமுறை பிடித்தது. ஒரு கட்டத்தில் இடது கையை மட்டையில் இறக்கி, பிடியை இடது முன்கையோடு சேர்த்து வலது கையால் கவ்விக்கொண்டார். மணிக்கட்டு அசைய வழியே இல்லை! மட்டையை உடம்பில் ஊன்றி அடிப்பது 2016 ஜனவரி 1 முதல் தடை. ஆனால் முன்கையோடு ஒட்டிப் பிடிப்பது இன்றும் செல்லும்.

● மட்டைப் பிடியின் மேல்முனை இடது உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம் அழுந்தும் இடத்தில் 'ஹேமேட்' என்றொரு எலும்பு, கொக்கி போன்ற நீட்சியோடு இருக்கிறது. மட்டை வேரிலோ கல்லிலோ மோதினால் அந்தக் கொக்கி முறியலாம். சாதாரண எக்ஸ்ரேயில் தென்படாமல் போவதுண்டு, சி.டி. ஸ்கேனில் தெரியும். பலமாக மண்ணில் அடித்தபின் அந்த இடத்தில் வலி விடாமல் இருந்தால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இராதீர்கள். கை மருத்துவரிடம் காட்டுங்கள்.

● புதிய கையுறை வாங்கும் முன் பழையதைத் திருப்பிப் பாருங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டுவிரல் பக்க மேட்டில் தோல் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தால், மட்டையை விரலில் அல்லாமல் உள்ளங்கையில் பிடிக்கிறீர்கள், அல்லது ஸ்விங்கின் நடுவே அது கைக்குள் நழுவுகிறது. மணிக்கட்டைத் திருத்துவதற்கு முன் திருத்த வேண்டியது அந்தப் பிடியை.