படிகளற்ற பாதை

அந்தமான் தீவுகளில் இருப்புப்பாதை இல்லை. ஆயினும் இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் புகைவண்டி அந்நியமான வாகனமன்று. கப்பலேறிச் சென்னை சேர்ந்தபின், மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ இராமநாதபுரத்துக்கோ செல்ல நம்மிற் பெரும்பாலோருக்கு வாய்த்த வழி அதுவே. திருமணம், திருவிழா, நிலத்தகராறு, மேல்சிகிச்சை என்று ஏதேனும் ஒரு காரியம் நம்மை ஆண்டுதோறும் அழைத்த வண்ணம் இருக்கிறது. அப்பயணத்தில் முதியோரும் நோயாளரும் உடற்குறை உடையோரும் நம்முடன் வருகிறார்கள். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து வந்தவர்களுக்கு, நிலையத்து மேம்பாலத்தின் நாற்பது படிகள் கடக்கவொண்ணாதவை ஆகிவிடுகின்றன. "அடுத்த முறை அம்மாவை அழைத்து வர வேண்டாம்" என்ற முடிவு பல வீடுகளில் அந்தப் படிக்கட்டின் அடியிலேயே பிறந்துவிடுகிறது. பிறந்த ஊரை மீண்டும் காணும் உரிமையை ஒருவர் இழப்பதற்கு இது போதிய காரணமாகுமா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள்.

சென்னையின் இரு பெரும் நிலையங்களை ஒப்பிட்டு நோக்கினால் உண்மை எளிதில் விளங்கும். 1873ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சென்ட்ரல் நிலையத்தில் நெடுந்தூர வண்டிகளின் இருப்புப்பாதைகள் வந்து முடிந்துவிடுகின்றன. ஆகவே அங்குள்ள நடைமேடைகளின் தலைப்பக்கம் யாவும் ஒரே கூடத்தில் வந்து கூடுகின்றன. சக்கர நாற்காலியில் அமர்ந்தவரும் ஒரு படிகூட ஏறாமல் அம்மேடைகளுக்குச் செல்லலாம். இது எவரும் கருணை கொண்டு செய்த ஏற்பாடன்று. நிலையத்தின் அமைப்பிலேயே வாய்த்த நன்மை. 1908ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எழும்பூரோ வண்டிகள் ஊடுருவிச் செல்லும் நிலையம். அங்கு மேடைக்கு மேடை செல்லப் பாலமேறியே தீர வேண்டும். தென் மாவட்டங்களுக்குச் செல்லும் நம்மவர் நாடுவதும் பெரும்பாலும் எழும்பூரையே.

பாலம் ஏன் அத்துணை உயரமாக இருக்கிறது? வண்டிகளுக்கு மேலே உயரழுத்த மின்கம்பி ஓடுகிறது. அதற்கும் மேலே போதிய இடைவெளி விட்டே பாலத்தை அமைத்தாக வேண்டும். எனவே நடைமேடையிலிருந்து பாலத்தின் தளம் ஏறத்தாழ 6 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. ஒரு படியின் உயரம் 15 சென்டிமீட்டர் எனக் கொண்டால் 40 படிகள் ஆகின்றன. படிக்குப் பதிலாகச் சாய்தளம் அமைக்கலாமே எனின், அதற்கும் ஒரு கணக்கு உண்டு. சக்கர நாற்காலி இடரின்றி ஏற, 1 மீட்டர் உயர்வுக்கு 12 மீட்டர் நீளம் வேண்டும் என்பது விதி. அவ்வாறாயின் 6 மீட்டருக்கு 72 மீட்டர் ஏற்றமும், மறுபுறம் அதே அளவு இறக்கமும், இடையிடையே இளைப்பாறும் தளங்களும் தேவைப்படும். ஆகவேதான் இத்தகைய இடங்களில் மின்தூக்கியே சரியான வழியாகிறது. ஆனால் மின்தூக்கி ஓர் இயந்திரம். அது பழுதுற்று நிற்கும் நாளில், கால் வலிமை உடையோருக்கு நிலையம் திறந்திருக்கும். மற்றவர்களுக்கு மூடியதற்கு ஒப்பாகும்.

மேடையை அடைந்துவிட்டாலும் இடர் தீர்வதில்லை. நம் நாட்டில் உயர்ந்த வகை நடைமேடைகள் தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரமுடையவை. வண்டியின் தளமோ ஒன்றேகால் மீட்டரளவு உயரத்தில் இருக்கிறது. எஞ்சிய ஒன்றரை அடியை வாயிற்படி வழியாகவே ஏற வேண்டும். மேடை தாழ்ந்த சிற்றூர் நிலையங்களில் இடர் இன்னும் பெரிது. அங்கு வண்டி நிற்பதும் இரண்டொரு நிமிடமே.

சென்னையிலேயே இதற்கு மாறான காட்சியும் உண்டு. 2015ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் தொடங்கிய மெட்ரோ ரயிலில், மேடையும் வண்டித் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் அமைந்துள்ளன. நிலையங்களில் மின்தூக்கியும் உண்டு. 2018 முதல் எழும்பூரும் சென்ட்ரலும் அம்மெட்ரோ வழியில் அடுத்தடுத்த நிலையங்கள் ஆகியுள்ளன. ஆனால் 1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 2007இல் வேளச்சேரியை எட்டிய பறக்கும் ரயில் வேறு பாடம் புகட்டுகிறது. தூண்களின் மீது உயர்ந்து நிற்கும் அதன் நிலையங்களில் மின்தூக்கி இன்மையும், இருந்தும் இயங்காமையும் குறித்து முறையீடுகள் பல எழுந்தன. ஒரே நகரில் ஒரு தலைமுறைக்குள் தோன்றிய இரு அமைப்புகளுக்கு இடையே இத்துணை வேற்றுமை! தொடக்கத்திலேயே எண்ணிக் கட்டுவது எளிது; கட்டியபின் திருத்துவது அரிது.

உலக அனுபவமும் இதனையே உரைக்கிறது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1972இல் 'பார்ட்' என்னும் நகர ரயில் தொடங்குமுன், சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய ஹெரால்டு வில்சன் என்பவர் இடைவிடாது வாதாடியதன் பயனாக அங்கு மின்தூக்கிகள் அமைந்தன. அந்நாட்டின் பழைய அமைப்பான நியூயார்க் சுரங்க ரயிலோ, 95 விழுக்காடு நிலையங்களைத் திருத்தி முடிக்க 2055ஆம் ஆண்டு வரை தவணை கேட்டிருக்கிறது. இலண்டன் சுரங்க ரயிலிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலையங்களையே படியேறாமல் அடையலாம். பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடக்கும் புடைப்புக் கற்களை, ஜப்பானின் ஒகயாமா நகரில் 1967ஆம் ஆண்டு முதன்முதலாகப் பதித்தனர். அதன் வழித்தோன்றல்களே இன்று நம் நடைமேடைகளின் விளிம்பில் காணப்படும் மஞ்சள் கற்கள்.

நம் நாட்டுச் சட்டமும் வாளாவிருக்கவில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ரயில் பெட்டிகளையும் கழிப்பிடங்களையும் பற்றிப் பேசியது. ஆனால் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற வரம்பையும் சேர்த்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தடையற்ற போக்குவரத்தை அரசின் கடமையாகவே வைத்தது. 2024 நவம்பரில், ராஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம் தடையற்ற அணுகலுக்கான நெறிகள் வெறும் பரிந்துரையாக நிற்றலாகாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எனவே சாய்தளம் கேட்பது யாசகமன்று, உரிமை.

பயணச்சீட்டுச் சாளரத்திற்குப் பின்னால் அமரும் எழுத்தன் என்ற முறையில் சில குறிப்புகளைக் கூற விரும்புகிறேன். துணையின்றிப் பயணம் செய்ய இயலாத கை கால் ஊனமுற்றோருக்கு இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு, மூன்றடுக்குக் குளிர்பதன வகுப்பு ஆகியவற்றில் பொதுவாக 75 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு. உடன் செல்லும் துணைவர் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. இதற்கு உரிய சான்றிதழும் ரயில்வே வழங்கும் அடையாள அட்டையும் வேண்டும். கப்பலேறும் நாளில் இவற்றைத் தேடிப் பயனில்லை. முன்கூட்டியே பெற்று வைப்பது நலம். மாற்றுத்திறனாளிகளுக்கென அகன்ற வாயிலும் விசாலமான கழிப்பறையும் கொண்ட பெட்டி பல விரைவு வண்டிகளில் இணைக்கப்படுகிறது. அது பெரும்பாலும் வண்டியின் கோடியில் இருக்கும். ஆதலால் அது மேடையின் எம்முனையில் நிற்கும் என்று முன்னரே விசாரித்துக் கொள்ளுதல் வேண்டும். பெரிய நிலையங்களில் சக்கர நாற்காலி கிடைக்கும். 139 என்ற தொலைபேசி எண்ணில் உதவி கோரலாம். மின்தூக்கி இயங்காவிடில் நிலைய அதிகாரியிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும். தாளில் எழுதியது கோப்பில் நிற்கும்.

இறுதியாக ஒன்று. பாதை என்பது சங்கிலி போன்றது. ஒரு கண்ணி அறுந்தால் மற்றவை பயனற்றவை. எழும்பூரில் மின்தூக்கி இருந்தும், ஹாடோ துறைமுகத்தில் கப்பலேணி செங்குத்தாக நிற்குமாயின் நம் முதியவர் கரையிலேயே நின்றுவிடுவார். ஆகவே நம் சங்கம், தீவில் கப்பலேறும் இடம் முதல் ஊரில் இறங்கும் நிலையம் வரை எங்கெங்கு இடர் உண்டு என்று உறுப்பினரிடம் கேட்டுத் தொகுத்து, கப்பல் துறைக்கும் ரயில்வேக்கும் மனுவாக அனுப்ப வேண்டும் என்பது என் விண்ணப்பம். இவ்வாண்டு ஊர் சென்று திரும்பும் அன்பர்கள், தாம் கண்ட படிகளை எண்ணி ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினாலும் போதும். மனுவுக்கு வேண்டிய முதற்சான்று அதுவே.