மனித உடலில் மின்சாரம் பாயும் விதம்: ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டியவை

மனித உடல் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. குருதியிலும் தசைகளிலும் உள்ள நீரும், அதில் கரைந்துள்ள உப்புகளுமே இதற்குக் காரணம். வெளித்தோல் மட்டுமே ஓரளவு தடையாக நிற்கிறது. உலர்ந்த தோலின் தடை பல்லாயிரம் ஓம் வரை இருக்கலாம். தோல் நனைந்திருந்தாலோ காயப்பட்டிருந்தாலோ உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் அளவுக்குக் குறைந்துவிடும். குளியலறையிலும் சமையலறையிலும் கூடுதல் கவனம் தேவைப்படுவது இதனாலேயே.

எவ்வளவு மின்சாரம் ஆபத்தானது?

ஆஸ்திரேலிய வீடுகளுக்கு 230 வோல்ட் மின்சாரம் வழங்கப்படுகிறது. பழுதான சாதனத்தை ஈரக் கையால் தொடுபவரின் உடலில் சுமார் 230 மில்லி அம்பியர் மின்னோட்டம் பாயக்கூடும். பழைய 60 வாட் குண்டு பல்பு எரிவதற்கு வேண்டியதைவிட இது குறைவு. ஆயினும் உயிரைப் பறிக்க இதில் ஒரு பகுதியே போதும்.

1 மில்லி அம்பியர் அளவில் இலேசான கூச்சம் மட்டுமே தோன்றும். 10 மில்லி அம்பியரைத் தாண்டினால் கைத் தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமற் போகலாம். விரல்களை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலிமையானவை. 'மின்சாரம் பிடித்து இழுக்கிறது' என்று கூறப்படுவது இதனையே. 30 மில்லி அம்பியரை நெருங்கும்போது மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம். 50 முதல் 100 வரையிலான அளவில் இதயத்தின் சீரான துடிப்பு குலைந்து, குருதியோட்டம் நின்றுவிடக்கூடும்.

பாயும் பாதையும் முக்கியமானது. ஒரு கையிலிருந்து மறு கைக்கோ காலுக்கோ பாயும் மின்சாரம் நெஞ்சைக் கடந்து செல்கிறது. வெளியே சிறு தழும்பு மட்டும் தெரிந்தாலும், உள்ளே தசைகள் வெந்திருக்கலாம். எனவே மின்னதிர்ச்சிக்கு உள்ளானவர் நலமாக உணர்ந்தாலும் மருத்துவரை நாட வேண்டும்.

வீட்டில் செய்யவேண்டியவை

மின் பலகையில் பொருத்தப்படும் பாதுகாப்புச் சுவிட்ச், 30 மில்லி அம்பியர் மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தாலே ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நன்று. எனினும் இருவேறு கம்பிகளையும் ஒருவர் ஒரே நேரத்தில் தொட்டால், கசிவு ஏதும் இல்லாமையால் அது செயற்படாது.

தாயகத்திலிருந்து கொண்டுவரப்படும் கிரைண்டர், மிக்சி போன்றவற்றை நில இணைப்பு இல்லாத மாற்றுச் செருகிகளில் பொருத்தலாகாது. வீட்டு மின்கம்பி வேலைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்யவேண்டும் என்பது சட்டம். உறவினரோ நண்பரோ உதவியாகச் செய்தாலும், உரிமம் இல்லையெனில் அது குற்றமே.

ஒருவரை மின்சாரம் தாக்கினால்

அவரைத் தொடலாகாது, தொடுபவரின் உடலிலும் மின்சாரம் பாயும். முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, உடனே 000 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மூச்சு இல்லையெனில், உதவி வரும்வரை நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடர வேண்டும். ஆங்கிலம் பேச இயலாதவர் 'ஆம்புலன்ஸ்' என்றும், இணைப்புக் கிடைத்ததும் 'தமிழ்' என்றும் கூறித் தொடர்பைத் துண்டிக்காமல் காத்திருந்தால், மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார்.