இரண்டு சுரங்கங்கள், இரண்டு மன்றங்கள்

கோலார் தங்கவயலில் சுரங்க வேலையை ஜான் டெய்லர் கம்பெனி கையில் எடுத்தது 1880-ல். அடுத்த ஐந்து ஆண்டுகளில், 1885-ல், அங்கே ஒரு க்ளப் வந்துவிட்டது. நிலத்தடியில் உறுதியான வருமானம் தெரிவதற்கு முன்பே நிலத்தின் மேல் பொழுதுபோக்குக்கு இடம் ஒதுக்கியாயிற்று. இங்கிலாந்திலிருந்து வந்த பொறியாளர்களும் மேலாளர்களும் அவர்கள் குடும்பங்களும் மாலையில் கூட அது தேவைப்பட்டது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் தெருக்களுக்கு அது 1905-ல்தான் வந்தது. ‘குட்டி இங்கிலாந்து’ என்று அந்த ஊருக்குப் பெயர் விழுந்ததில் வியப்பில்லை.

அந்தக் குட்டி இங்கிலாந்துக்கு வெளியே, தட்டிகளால் அடைத்த குடிசைகளில் இருந்தவர்கள் தமிழர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் வந்தவர்கள்; பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். க்ளப்பின் நடனக் கூடத்துக்குள் அவர்கள் கால் வைத்திருந்தால் அது பெருக்குவதற்காகவோ பரிமாறுவதற்காகவோதான் இருந்திருக்கும். ஆனால் அவர்களுக்குக் கூடும் இடம் இல்லாமல் போகவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவர் 1914-ல் மறைந்தபின் நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926-ல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். சித்தார்த்தா புத்தகசாலை நூல்களை அச்சிட்டது. ஷிப்டு முடிந்து கூண்டில் மேலே வந்தவர்கள் படிக்கவும் படிப்பதைக் கேட்கவும் கூடினார்கள். சலவைக்கல் தூண் எதுவும் அந்த இடங்களுக்கு இல்லை. ஊரின் வரலாற்றை எழுதுபவர்கள் க்ளப்பைப் படமெடுத்துப் போடுவதும் இவற்றை ஒரு வரியில் கடப்பதும் அதனால்தானோ என்னவோ.

ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு சுரங்க நாட்டில் நடந்தது வேறு. பிரிட்டனின் தெற்கு வேல்ஸ் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் தொழிலாளர்களே மன்றம் கட்டினார்கள். வாரக் கூலியில் பவுனுக்குச் சில பென்னி பிடித்து, அதைச் சேர்த்து, கல்லும் செங்கல்லும் வாங்கினார்கள். ஓக்டேல் என்ற ஊரில் 1917-ல் எழுந்த மன்றம் ஓர் எடுத்துக்காட்டு. சுரங்கக் கம்பெனி 10,000 பவுன் கொடுத்தது. தானமாக அல்ல, கடனாக. திருப்பிக் கட்டியவர்கள் தொழிலாளர்கள். கீழே நூலகம், வாசிப்பறை, கமிட்டி அறை. மேலே கச்சேரிக் கூடம். 1927-ல் பின்பக்கம் ஒரு பெரிய அரங்கம் சேர்ந்து அதில் சினிமாவும் ஓடியது. நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஊர்ச்சாவடி என்றாலே போதும். வழக்குப் பேசவும் வெட்டிப்பேச்சுப் பேசவும் ஊரே வரி போட்டுக் கட்டிய இடம். ஒரு வேறுபாடு, ஓக்டேல் சாவடியில் புத்தக அலமாரியும் இருந்தது.

அந்த அலமாரிகளைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. பக்கத்து ஊரான ட்ரெடிகரில் 13 வயதில் சுரங்கத்தில் இறங்கிய அன்யூரின் பெவன், தொழிலாளர் மன்ற நூலகத்தில்தான் படித்து ஆளானார். அதே ஊரின் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு நடத்திய மருத்துவ உதவிச் சங்கமும் அவர் கண்முன் இருந்தது. 1948-ல் சுகாதார அமைச்சராக அவர் தொடங்கிவைத்த தேசிய மருத்துவ சேவைக்கு அந்தச் சங்கம் முன்மாதிரி. 1930-களில் தெற்கு வேல்ஸில் இப்படி நூறு சுரங்கத் தொழிலாளர் நூலகங்களுக்கு மேல் இருந்தன. பிறகு தொலைக்காட்சி வந்தது, அரசு நூலகங்கள் வந்தன, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. புத்தகங்கள் எடைக்கும் ஏலத்துக்கும் போயின. மிஞ்சியவற்றைக் காக்க 1973-ல் ஸ்வான்சீயில் ஒரு தனி நூலகமே தொடங்க வேண்டியதாயிற்று.

ஓக்டேல் மன்றம் 1987-ல் மூடியது. 1989-ல் சுரங்கமும் மூடியது. அதே ஆண்டு மன்றத்தைக் கல் கல்லாகப் பிரித்து, கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனார்கள். 1995-ல் அது அங்கே மீண்டும் திறந்தது. அன்று இருந்தபடியே வாசிப்பறை, கமிட்டி மேசை, கச்சேரிக் கூடம். இடித்துத் தள்ளுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் மன்றம் பிழைத்தது, ஊர் அதை இழந்தது. அன்று அங்கே சந்தா கட்டியவன் உறுப்பினன். கமிட்டியைத் திட்டவும் அவனுக்கு உரிமை உண்டு. இன்று வருகிறவர் பார்வையாளர். மேசையைத் தொடாமல் சுற்றிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போகிறார்.

அதே தெற்கு வேல்ஸின் நியூபிரிட்ஜ்காரர்கள் இந்த வழிக்குப் போகவில்லை. அவர்கள் ஊரில் 1908-ல் கட்டிய மன்றமும், முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக 1920-களில் எழுப்பிய அரங்கமும் ஒட்டி நிற்கின்றன. ஊரார் ‘மெமோ’ என்று சுருக்கி அழைப்பார்கள். சுரங்கங்கள் போனபின் கூரை ஒழுகிச் சுவர் உதிரத் தொடங்கியது. 2004-ல் பிபிசியின் கட்டட மீட்பு நிகழ்ச்சியில் மெமோவும் போட்டியிட்டது. அதற்குப் பிறகும் நிதி தேடி அலைந்து, பழுது பார்த்து, 2014-ல் திறந்தார்கள். ஊர்க்காரர்களே பொறுப்பேற்று நடத்துகிறார்கள். கச்சேரியும் கல்யாணமும் கூட்டமும் அங்கேயே நடக்கின்றன. அருங்காட்சியகத்தின் துல்லியம் அதில் இருக்காது. அன்றைய வாசிப்பறை இன்று வேறு வேலைக்குப் பயன்படும். எனக்கு இந்த மீட்புதான் பிடித்திருக்கிறது. மரப்பலகையைவிட அதன்மேல் நடக்கும் கால்கள் முக்கியம் என்று நினைப்பவர்களின் மீட்பு இது.

இனித் தங்கவயலுக்குத் திரும்பலாம். தொடக்க நாள்களில் ஒரு டன் பாறைக்கு 47 கிராம்வரை கிடைத்த தங்கம் கடைசிக் காலத்தில் 3 கிராம் அளவுக்கு இறங்கியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டிருந்தது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை மிஞ்சியது. ஒரு காலத்தில் 30,000 பேர்வரை வேலை செய்த இடத்தில் 2001 பிப்ரவரி 28 அன்று எஞ்சியிருந்தவர்கள் சில ஆயிரம் பேர். அன்றோடு, அப்போது சுரங்கத்தை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கதவை மூடியது. அதற்கு முந்தைய 120 ஆண்டுகளில் பூமி கொடுத்தது ஏறக்குறைய 800 டன்.

அன்று ஷிப்டுச் சங்கு கேட்டு எழுந்த ஊர் இன்று ரயில் நேரம் பார்த்து எழுகிறது. சுரங்கத்துக்காக 1894-ல் போட்ட பாதையில், மாரிக்குப்பத்தில் விடியுமுன் புறப்படும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூர் போய் இரவில் திரும்புகிறார்கள். தாத்தா நிலத்துக்குள் 3 கிலோமீட்டர் இறங்கினார். பேரன் நிலத்தின்மேல் 100 கிலோமீட்டர் போகிறான். தாத்தாவுக்கு சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தது. பேரனுக்கு அது இல்லை. இந்த லாபத்தைச் சொல்லாமல் பழைய நாளுக்கு ஏங்குவது நேர்மையாகாது. ஆனால் ஷிப்டு முடிந்து ஒரே நேரத்தில் வெளியே வந்த கூட்டத்துக்குத்தான் மன்றம் வேண்டியிருந்தது. நடைமேடையில் ஆளுக்கொரு திசையில் கலையும் கூட்டத்துக்கு அது வேண்டுமா என்பது எனக்கு உறுதியில்லை.

க்ளப் இன்றும் நிற்கிறது, உறுப்பினர்கள் இந்தியர்கள். நிறவேலி போயிற்று, அதைக் கட்டிக் காத்த கம்பெனியும் போயிற்று. க்ளப்பைப் புதுப்பிக்கச் சொன்னால் யாருடைய நினைவைப் புதுப்பிப்பது என்ற கேள்வி முதலில் வரும். வேல்ஸ்காரர்களுக்கு அது எழவில்லை. அவர்கள் பாட்டன் காசு அந்தச் சுவரில் இருந்தது. கணக்கேட்டில் பெயரும் இருந்தது. தங்கவயலில் பாட்டன் காசு போன இடம் பௌத்த சங்கமும் படிப்பகமும். மீட்பதென்றால் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன், கட்டடம் எவ்வளவு சிறியதானாலும்.

இப்போதைக்குத் தங்கவயலில் அசையும் கோப்பு மண்ணைப் பற்றியது. சுரங்கம் துப்பிய சயனைடு மண்மேடுகள் 13. அவற்றில் சுமார் 3.3 கோடி டன் கழிவு. அதிலிருந்து மறுபடி தங்கம் பிரிக்கும் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. முன்னாள் தொழிலாளர்களோ தாங்கள் பல தலைமுறையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு உரிமைப் பத்திரம் கேட்டு அலைந்தவர்கள். மன்றத்தைப் பற்றிப் பேச வேண்டியவர்களும் அவர்களேதான். வீட்டுப் பத்திரம் கைக்கு வராமல் அந்தப் பேச்சை அவர்கள் எடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.