பழைய வேகனுக்குள் புது எஞ்சின்



பழைய கார்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பின்னால் நீண்ட கூண்டு வைத்த ஸ்டேஷன் வேகன் கார். பார்த்தால் அரிசி மூட்டை ஏற்றும் குடும்பக் கார் போலிருக்கும். பச்சை விளக்கு விழுந்ததும் பக்கத்தில் நிற்கும் விளையாட்டுக் காரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் போகும். காரணம், உள்ளே இருப்பது அந்தக் காரோடு பிறந்த எஞ்சின் அல்ல.

இது உலகெங்கும் உள்ள ஆசைதான். நடிகர் பால் நியூமன் கூட 1990களில் வால்வோ வேகன் ஒன்றில் ஃபோர்ட் வி-8 எஞ்சினைப் போட்டு ஓட்டினார். 1994-ல் பிரிட்டிஷ் கார் பந்தயத் தொடரில் வால்வோ நிறுவனமே 850 வேகனை இறக்கிவிட்டது. பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்களாம். நம் சிங்கப்பூரில் இந்த ஆசை அதிகம் சுற்றி வருவது சுபாரு இம்பிரெசா வேகனைத்தான்.

ஏன் சுபாரு? முதல் தலைமுறை இம்பிரெசா 1992-ல் வந்தது. அதே உடலில் சாதாரண 1.6 லிட்டர் எஞ்சினும் உண்டு, 2 லிட்டர் டர்போவும் உண்டு. 1.6-ல் ஏறத்தாழ 100 குதிரைத் திறன். டர்போவில் 200-ஐத் தாண்டும். இரண்டும் ஒரே குடும்பத்து எஞ்சின்கள். படுக்கை வசமாக எதிரெதிரே அடிக்கும் நான்கு சிலிண்டர்கள். ஆகவே ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்தால் பெரும்பாலும் பொருந்திவிடும். 'பெரும்பாலும்' என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் எங்கிருந்து வருகிறது? இங்கும் மலேசியாவிலும் 'ஹாஃப் கட்' என்பார்கள். ஜப்பானில் கழித்த காரை டாஷ்போர்டுக்குப் பின்னால் குறுக்கே அறுத்து, முன்பாதியை அப்படியே கப்பலில் அனுப்புவார்கள். எஞ்சின், கியர் பாக்ஸ், வயரிங், கணினிப் பெட்டி எல்லாம் அதில் இருக்கும். சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தால் ஜாலான் புசார். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் இரும்புச் சாமானும் உதிரிபாகமும் தேடி அலைந்தவர்களில் நானும் ஒருவன். இப்போது அந்தத் தொழில் ஊபி, காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் போய்விட்டது.

இனி என் வீட்டுக் கதை. என் தங்கை மகன் 2021-ல் ஒரு வேகன் வாங்கினான். 1999-ல் பதிவான கார். வாகன உரிமைச் சான்றிதழ் இரண்டு முறை, 2009-லும் 2019-லும், புதுப்பிக்கப்பட்டிருந்தது. பதிவில் 1.6 லிட்டர். உள்ளே 2 லிட்டர் டர்போ. விற்றவர், "பேப்பர் எல்லாம் சரியா இருக்கு தம்பி" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு தேக்கா வந்தான். வீவக பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் வளைந்து வளைந்து ஏறும்போது வண்டி முக்கியது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் சக்கரங்கள் ஒன்றை ஒன்று பிடித்து இழுப்பதுபோல் ஓர் உதறல்.

"எவ்வளவு நாளாடா இப்படி?"

"வாங்கினதிலிருந்தே மாமா. ஃபோர் வீல் டிரைவ்னா அப்படித்தானாம்."

அப்படி இல்லை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் காரில், கியர் பாக்ஸுக்குள் முன் சக்கரங்களுக்கு ஒரு கடைசிப் பல் விகிதம் இருக்கும். பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஒரு விகிதம் உண்டு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னால் 4.44, பின்னால் 3.90 என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்ச்சாலையில் போனாலும் முன் அச்சு ஒரு வேகம் கேட்கிறது, பின் அச்சு வேறு வேகம் கேட்கிறது. நடுவில் இருக்கும் இணைப்பு ஓயாமல் வழுக்கி, சூடேறி, கடைசியில் கருகிப்போகும். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் மாற்றியவர் பின் அச்சை மாற்றவில்லை. காசு மிச்சம்! வண்டியைத் தூக்கி எண்ணெயை இறக்கிப் பார்த்தேன். கருகிய நாற்றம் அடித்தது.

அடுத்து பிரேக். இதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கிய இடம். 1.6-க்குத் தந்த சிறிய பிரேக் தட்டுகளே இருந்தன. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கில் ஏறும். 60 கிலோமீட்டரிலிருந்து 90-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு இரண்டேகால் மடங்கு. ஒரு முறை நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. அடுத்தடுத்து நான்கு முறை அழுத்தினால் மிதி மெத்தென்று கீழே போகும். அந்த வண்டியில் என் தங்கை முன்னால் உட்கார்ந்து தினமும் மார்க்கெட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். டர்போ, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். அமுக்கினால் காற்று சூடாகும். அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் வேண்டும். இம்பிரெசாவில் அது எஞ்சின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. முன்மூடியில் இருக்கும் வாய் வழியாகக் காற்று வந்தால்தான் குளிரும். ஞாயிறு மாலை சிராங்கூன் சாலை நெரிசலில் எந்தக் காற்று வரும்? கீழே எஞ்சின் சூடு, மேலே வெயில். அந்த நிலையில் சட்டென்று மிதித்தால், பெட்ரோல் நேரம் வருமுன்னே தானாக வெடிக்கும். தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டியதுபோல் சத்தம் கேட்கும். பிஸ்டன் உடைவது அப்படித்தான். அதிலும் ஜப்பானிலிருந்து வரும் வேக ரக எஞ்சின்கள் அங்கே கிடைக்கும் 100 ஆக்டேன் பெட்ரோலை நம்பிச் சீரமைக்கப்பட்டவை. நம் பங்குகளில் 98 போட்டாலும் கணினியை இங்குள்ள பெட்ரோலுக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப மறுபடி சரிசெய்யத்தான் வேண்டும். சிக்கனம் பார்த்து 95 ஊற்றிக்கொண்டிருந்தான் நம் ஆள்.

இவ்வளவும் இரும்புச் சமாச்சாரம். பணமும் பொறுமையும் இருந்தால் சரிசெய்துவிடலாம். பெரிய பின் அச்சு, நான்கு பிஸ்டன் பிரேக், புது டைமிங் பெல்ட், தரமான பெட்ரோல் பம்பு என்று ஒழுங்காகச் செய்த வேகன்களை ஓட்டியும் பார்த்திருக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன், அதன் சுகமே தனி. மழை நாளில் நான்கு சக்கரமும் தரையைக் கவ்விக்கொண்டு போகும்.

சிக்கல் எண்ணில் வந்தது. "எஞ்சின் நம்பரைப் பார்ப்போமா?" என்றேன். கியர் பாக்ஸோடு சேரும் இடத்தருகே, எஞ்சினின் மேற்புறத்தில் பொறித்திருக்கும். டார்ச் அடித்துப் படித்தோம். பதிவில் இருந்தது வேறு எண். முந்தைய உரிமையாளர் கடைசிப் பரிசோதனை முடிந்த பிறகு எஞ்சினை மாற்றிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் விற்றிருக்கிறார்.

இங்கே எஞ்சினை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். சட்டவிரோத மாற்றத்துக்கு முதல் முறையே அபராதமோ சிறையோ கிடைக்கலாம். பத்து வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை, தப்பிக்க முடியாது. சாலை வரியும் எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. 1.6-க்கு ஆண்டுக்குச் சுமார் 740 வெள்ளி என்றால் 2 லிட்டருக்குச் சுமார் 1,200. பத்து வயதுக்குப் பிறகு அதன்மேல் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை கூடுதல் கட்டணம். ஆகப் பதிவில் சிறிய எஞ்சினும் உள்ளே பெரிய எஞ்சினும் வைத்து ஓடுவது வரியையும் ஏமாற்றுவதாகிறது.

காப்புறுதி இன்னும் மோசம். மாற்றத்தைச் சொல்லாமல் எடுத்த காப்புறுதியில் விபத்து நடந்தால், உங்கள் காருக்கு இழப்பீடு இல்லை என்று நிறுவனம் கைவிரிக்கலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையை உங்களிடமே திரும்பக் கேட்கலாம். ஒருவர் கால் முறிந்தால் அந்தத் தொகை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

விற்றவருக்குத் தொலைபேசியில் அழைத்தோம். முதல் நாள் எடுத்தார். பிறகு எடுக்கவில்லை.

ஆகவே இப்படிப்பட்ட வேகனைப் பார்க்கப் போகிறவர்கள் மெருகைப் பார்க்காதீர்கள். பதிவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் படித்துப் பாருங்கள். அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். "இருக்கு" என்றால் போதாது, கண்ணால் பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது நேர்ச்சாலையில் மட்டும் பறக்காமல், கார் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள். நீங்களே மாற்றப் போகிறீர்களா? ஹாஃப் கட்டுக்கு முன்பணம் கட்டும் முன் ஆணையத்திடம் கேளுங்கள். எல்லாம் முடிந்தபின் கேட்டால் பதில் 'முடியாது' என்று வரலாம்.

என் தங்கை மகன் இரண்டு மாதம் வண்டியை ஓட்டவில்லை. கடைசியில் ஒரு நல்ல 1.6 எஞ்சினும் அதற்குரிய கியர் பாக்ஸும் கிடைத்தன. ஆணையத்திடம் முறைப்படி தெரிவித்து, எண்ணைப் பதிவு செய்து, பரிசோதனையும் முடித்தான். கையைவிட்டுப் போன பணம் போனதுதான். இப்போது முக்கால் டேங்க் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு அம்மாவோடு ஜோகூருக்குப் போய், கூண்டு நிறையச் சாமான் வாங்கி வருகிறான். முன்மூடியில் அந்தக் காற்று வாய் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. உள்ளே இன்டர்கூலர் இல்லை, மழைத் தண்ணீர்தான் இறங்குகிறது. மாற்றடா என்றால் கேட்க மாட்டேன் என்கிறான்.